பேட்டையிலிருந்து தெருவோரம் வரை: சரக்கு வண்டி நிற்கும் இடத்தின் வரலாறு

கடையில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, சோப்பு இருக்கிறது. எந்த ஊரில் விளைந்தது, எந்த ஆலையில் தயாரானது என்றெல்லாம் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மூட்டை லாரியிலிருந்து கடை வாசலுக்கு வந்த கடைசி ஐம்பது அடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடி வந்த சரக்கு திண்டாடுவது அந்தக் கடைசி ஐம்பது அடியில்தான். லாரி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், அது நிற்கும்போது மற்றவர்கள் எப்படிப் போவார்கள் என்பவை பார்ப்பதற்குச் சின்னக் கேள்விகள். ஒரு ஊரின் கடைவீதி பிழைப்பதும் மூச்சு முட்டுவதும் இவற்றுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

இன்று உலகின் பெரிய நகரங்கள் இதற்கெனத் தனித் துறைகளும் மென்பொருள்களும் வைத்திருக்கின்றன. சரக்கு வண்டிக்குத் தெருவோரத்தை எப்படிப் பங்கிடுவது என்பது இருபத்தோராம் நூற்றாண்டின் புதுப் பிரச்சினை போலவே பேசப்படுகிறது. உண்மையில் இது மிகப் பழைய பிரச்சினை. தென் தமிழ்நாட்டின் கரிசல் சீமையில் இதற்கு ஒரு பழைய தீர்வும் இருந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

ஒரே சாலை, இரண்டு ஊர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ராஜபாளையத்தில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேரும் இருந்தார்கள். திருமங்கலத்தில் தொடங்கித் தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் ஊடுருவிச் செல்கிறது. முன்பு அதன் எண் 208, இப்போது 744.

இரண்டு ஊர்களும் வெவ்வேறு குணம் கொண்டவை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். ஆண்டாள் கோயிலை நடுவில் வைத்து மாட வீதிகளும் ரத வீதிகளும் அமைந்தன. ராஜபாளையம் பஞ்சையும் ஆலையையும் சுற்றி வளர்ந்த ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்குப் பிறகு நூற்பாலைகள் பெருகின. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் ஊராகவே பெயர் பெற்றது. பஞ்சு மார்க்கெட் என்ற பெயர் இன்றும் ராஜபாளையத்தின் ஓர் இடத்தைக் குறிக்கிறது. ஒரு ஊருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள், இன்னொரு ஊருக்கு வருவதில் பெரும்பகுதி சரக்கு என்று சொல்லிவிடலாம். ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சரக்கு உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குத் தினமும் பால் வந்தாக வேண்டும், சர்க்கரை வந்தாக வேண்டும், செய்து முடித்த பால்கோவா வெளியூர்களுக்குப் போயாக வேண்டும். அதுவும் கெட்டுப்போகும் சரக்கு, காத்திருக்காது.

தெருவை நேரத்தால் பங்கிட்ட காலம்

இடம் ஒன்றுதான், உபயோகிப்பவர்கள் பலர். அப்படியானால் நேரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்த யோசனை தமிழர்களுக்குப் புதிதல்ல. மதுரைக்காஞ்சி பாண்டியர் தலைநகரில் நாளங்காடியும் அல்லங்காடியும் இருந்ததைச் சொல்கிறது. பகலில் ஒரு சந்தை, இரவில் ஒரு சந்தை.

கடல் கடந்து பார்த்தால் ரோம் நகரமும் இதையே சட்டமாகப் போட்டது. கி.மு. 45-ல் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம், சூரிய உதயத்திலிருந்து ஏறக்குறைய மாலை நான்கு மணி வரை, பாரவண்டிகள் ரோமுக்குள் ஓடக்கூடாது என்றது. கோயில் கட்டுமானப் பொருள் ஏற்றி வரும் வண்டிகளுக்கும் குப்பை அள்ளும் வண்டிகளுக்கும் விலக்கு இருந்தது. பகல் நெரிசல் குறைந்தது, ஆனால் இரவு தூக்கம் போனது. பின்னால் வந்த ஜுவெனால் என்ற கவிஞர், வண்டிச் சத்தத்தில் ரோமில் தூங்கவே முடியவில்லை என்று புலம்பியிருக்கிறார். ஒரு இடத்தில் நெரிசலைக் குறைத்தால் அதன் சுமை வேறு யார் தலையிலாவது போய் விழும் என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாடம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளும் நேரத்தால் பங்கிடப்பட்டவையே. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று அந்த வீதிகள் தேருக்கு மட்டுமே சொந்தம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று அது. அது அசைந்து திரும்புவதற்கு வீதியின் முழு அகலமும் வேண்டும். கடைப் பந்தல், நீட்டிய தகரம், நிறுத்திய வண்டி எதுவும் அன்றைக்குச் செல்லாது. மற்ற நாட்களில் அதே வீதி கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் நடப்பவருக்கும் சொந்தம். கோயில் ஊர்களின் ரத வீதிகள் நம் ஊர்களிலேயே மிக அகலமான பழைய தெருக்களாக இருப்பதற்குத் தேர் ஒரு முக்கியக் காரணம். தேருக்காக விட்ட அகலத்தை மீதி நாட்களில் வணிகம் அனுபவித்தது.

பேட்டையும் மகமையும்

நேரத்தால் பங்கிடுவது ஒரு வழி என்றால், சரக்கு வண்டிக்கென்று தெருவை விட்டு விலகித் தனி இடம் ஒதுக்குவது இன்னொரு வழி. அதற்குத் தமிழில் இருந்த பெயர் பேட்டை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராமநாதபுரம் சீமையின் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் நிலைபெற்றார்கள். புகையிலை, கருப்பட்டி, பருத்தி போன்ற சரக்குகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வழியில் திருட்டுப் பயம் இருந்தது. அதனால் சரக்கையும் வண்டியையும் மாட்டையும் பத்திரமாக நிறுத்தி வைக்கச் சுற்றுச்சுவர் எழுப்பிய பேட்டைகளை அமைத்தார்கள். இரவு அங்கே தங்கலாம், சரக்கை இறக்கி வைக்கலாம், விற்கலாம். அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளியிட்ட தமிழக நாடார்கள் பற்றிய நூல் இந்தப் பேட்டைகளை விரிவாகப் பேசுகிறது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது பணம். பேட்டையை உபயோகித்தவர்களிடம் மகமை என்ற பெயரில் ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டது. பிறகு அது வியாபாரத்தின் அளவுக்கேற்ப வணிகர்கள் தாங்களே கொடுக்கும் பொது நிதியாக வளர்ந்தது. உறவின்முறை என்ற அமைப்பு அதை நிர்வகித்தது. பேட்டையைப் பராமரித்தது போக மிஞ்சிய பணம் கிணறுகளுக்கும் கோயில்களுக்கும், பின்னர் பள்ளிக்கூடங்களுக்கும் போனது. விருதுநகரின் கல்வி வரலாற்றை மகமையைச் சொல்லாமல் எழுத முடியாது.

வண்டி நிறுத்த ஓரிடம், அதற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்தை அதே ஊருக்குச் செலவழித்தல் என்பதே பேட்டையின் சூத்திரம். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ல் இலவச வாகன நிறுத்தத்தின் உண்மையான விலையைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தெருவோர நிறுத்தத்துக்குக் கட்டணம் வாங்குங்கள், அந்தப் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவழியுங்கள், அப்போதுதான் கடைக்காரர்கள் எதிர்க்க மாட்டார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். விருதுநகர் வணிகர்கள் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள்.

பேட்டைக்கு ஒரு குறையும் இருந்தது. அது ஒரு சமூகத்தின் ஏற்பாடு, ஊர் முழுவதற்குமான ஏற்பாடு அல்ல. யாருக்கு இடம், யார் தீர்மானிப்பது என்பது உறவுக்குள் முடிந்துவிட்டது. அதைப் பொதுச் சட்டமாக்கும் வேலை நகராட்சிகளிடம் வந்தது.

தெருவோரம் சட்டத்துக்குள் வந்தது

1920-ம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிப்பேட்டையைப் பற்றிப் பேசியது. அதன் 270-ம் பிரிவும் அதையொட்டிய பிரிவுகளும் மூன்று விஷயங்களைச் சொல்லின. ஒன்று, நகராட்சி வண்டிகள் நிற்குமிடங்களை அமைத்துக் கட்டணம் வாங்கலாம். இரண்டு, அப்படி அமைத்த பிறகு, அதிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் பொதுத் தெருவின் ஓரங்களை அதே காரியத்துக்கு உபயோகிப்பதைத் தடை செய்யலாம். மூன்று, தனியார் யாராவது வண்டிப்பேட்டை நடத்த வேண்டுமானால் உரிமம் பெற வேண்டும்.

இரண்டாவது விஷயத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் இடம் கொடு, பிறகு தடை செய். இந்த வரிசை பின்னாளில் பல ஊர்களில் தலைகீழாகிப் போனது. தடைப் பலகை முதலில் வந்தது, மாற்று இடம் வரவே இல்லை.

இந்தச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. கும்பகோணத்தில் உரிமம் பெற்றுத் தனியார் பேருந்து நிலையம் ஒன்றை நடத்திவந்தார் ஒருவர். பேருந்துகள் புறப்படும் இடத்தை வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் வேறிடத்துக்கு மாற்றியது. தன் தொழில் உரிமை பறிபோனதாக அவர் வழக்குத் தொடுத்தார். இப்ராஹிம் எதிர் தஞ்சாவூர் வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் என்று சட்ட நூல்களில் குறிப்பிடப்படும் இந்த வழக்கில், 1950-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொழில் செய்வது அடிப்படை உரிமைதான், ஆனால் நினைத்த இடத்தில் நினைத்தபடி செய்வது அடிப்படை உரிமை அல்ல, பொதுமக்களின் வசதிக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்பது தீர்ப்பின் சாரம். வண்டி நிற்கும் இடம் பொது நன்மைக்காகத் தீர்மானிக்கப்பட வேண்டிய ஒன்று என்பது அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டமும் இதே வழியில் வந்தது. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 117-ம் பிரிவு, எந்தெந்த இடங்களில் வாகனங்கள் காலவரையின்றி அல்லது குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் நிற்கலாம் என்பதை உள்ளாட்சியுடன் கலந்து அரசு தீர்மானிக்கலாம் என்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் என்ற சொற்கள்தான் சரக்கு வண்டிக்கு வேண்டியவை. 1920-ம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் இடத்தில் இப்போது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் இருக்கிறது. 1998-ல் இயற்றப்பட்ட அது, நீண்ட காத்திருப்புக்குப் பின் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, அதிகாரம் இல்லை என்ற நிலை எப்போதும் இருந்ததில்லை. அதை உபயோகிப்பதில்தான் சுணக்கம்.

ரயிலடி முதல் குட்டி யானை வரை

1927-ல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ரயில் வந்தது. அந்தக் காலத்தில் வெளியூர்ச் சரக்கின் பெரும்பகுதிக்கு இறங்குமிடம் ரயிலடிதான். அங்கிருந்து மாட்டு வண்டி மூட்டைகளைக் கடைவீதிக்குக் கொண்டு வந்தது. பெரிய வண்டி ஊருக்கு வெளியே நிற்கும், சின்ன வண்டி ஊருக்குள் வரும். இன்று நகரத் திட்ட வல்லுநர்கள் புதிதாகப் பரிந்துரைக்கும் ஏற்பாடு அன்றைக்கு இயல்பாகவே நடந்தது.

லாரி வந்தபின் இது உடைந்தது. ரயிலுக்குத் தண்டவாளம் வேண்டும், லாரிக்குத் தெரு போதும். ஆலை வாசலிலிருந்து கடை வாசல் வரை ஒரே வண்டியில் போகலாம் என்பது பெரிய வசதி. லாரி செட்டுகளும் பார்சல் ஆபீஸ்களும் நெடுஞ்சாலை ஓரத்திலும் கடைவீதிப் பக்கத்திலும் முளைத்தன. மாட்டு வண்டி போவதற்காக அமைந்த தெருவில் பத்து டன் லாரி நுழைந்தது. தெரு மட்டும் அகலமாகவில்லை.

2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. மக்கள் அதற்குக் குட்டி யானை என்று செல்லப் பெயர் வைத்தார்கள். சந்துக்குள் போகும், உடனே திரும்பும், ஒருவரே வாங்கி ஓட்டலாம். பெரிய லாரியிடமிருந்து சரக்கை வாங்கி ஊருக்குள் பிரித்துக் கொடுக்கும் பழைய மாட்டு வண்டியின் வேலையை அது எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு லாரி வந்த இடத்தில் இப்போது ஐந்து குட்டி யானைகள். அவை நிற்கவும் இடம் வேண்டும். அதன்பின் இணைய வணிகம் வந்தது. இப்போது பார்சல் பையுடன் இரு சக்கர வாகனங்களும் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. சரக்கு இறங்கும் இடம் கடைவீதியிலிருந்து எல்லாத் தெருக்களுக்கும் பரவிவிட்டது.

சென்னையும் மதுரையும் செய்தவை

பெரிய ஊர்கள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன? சென்னை ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை நெரிசலுக்குப் பேர்போனது. 1996-ல் அந்த மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. சுமார் 295 ஏக்கரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், லாரிகள் வந்து நிற்கப் பெரிய இடம். சந்தையையே வண்டி இருக்கும் இடத்துக்குக் கொண்டு போன தீர்வு இது. ஜார்ஜ் டவுன் கொஞ்சம் மூச்சு விட்டது. ஆனால் கோயம்பேட்டிலிருந்து சில்லறைக் கடைகளுக்குக் காய்கறி போய்ச் சேர மறுபடியும் ஆயிரக்கணக்கான சின்ன வண்டிகள் தேவைப்பட்டன. பிரச்சினை சிறு துண்டுகளாக உடைந்து ஊரெங்கும் சிதறியது என்றும் சொல்லலாம்.

மதுரையில் கதை வேறு. 1840-களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூட வைத்ததால்தான் வெளி வீதிகள் கிடைத்தன. கோயில் நகரத்துக்கு அகலமான வெளிவட்டம் ஒன்று உருவானது. ஆனாலும் கீழமாசி வீதியின் மொத்த மளிகை வியாபாரம் பழைய வீதிக்குள்ளேயே தொடர்ந்தது. இடம் கூடினாலும் வியாபாரம் தன் பழைய இடத்தை எளிதில் விடாது. வாடிக்கையாளரும் லோடுமேனும் பக்கத்துக் கடையும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது தெருவின் பெரும்பகுதி நடப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இப்படி எந்தத் தெருவை மாற்றினாலும், கடைகளுக்குச் சரக்கு எந்த வழியாக, எந்த நேரத்தில் வரும் என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகப் போட்ட நடைபாதைக் கல்லின் மேலேயே வண்டி ஏறி நிற்கும்.

ஐம்பது மீட்டரின் விலை

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாதவர் சுமை தூக்கும் தொழிலாளி. நெரிசல் என்றால் காரில் போகிறவரின் எரிச்சலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். வண்டி நிற்கும் இடம் தள்ளிப்போனால் முதலில் பாதிக்கப்படுவது லோடுமேனின் முதுகுத்தண்டு.

ஒரு சின்னக் கணக்கு. பத்து டன் லாரியில் 50 கிலோ மூட்டைகள் 200 இருக்கும். லாரி கடை வாசலில் நிற்காமல் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 மூட்டைக்கும் தலா 50 மீட்டர் கூடுதல் என்றால் மொத்தம் 10,000 மீட்டர், அதாவது பத்து கிலோமீட்டர். நான்கு பேர் பகிர்ந்து தூக்கினால் ஆளுக்கு இரண்டரை கிலோமீட்டர், தலையில் ஐம்பது கிலோவுடன். சும்மா திரும்பி நடப்பது தனி. ஒரு கார் நான்கு மணி நேரம் கடை வாசலை அடைத்து நின்றதற்கு நான்கு மனிதர்கள் கொடுக்கும் விலை இது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். கடைவீதியில் ஒரு வண்டி நிற்கும் இடத்தைக் காலை ஆறு முதல் பத்து மணி வரை சரக்கு வண்டிக்கு மட்டும் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் கொடுத்தால் பதினாறு வண்டிகள் சரக்கு இறக்கிவிட்டுப் போகலாம். அதே இடத்தில் ஒரு கார் நின்றால் ஒரே ஒருவருக்குத்தான் உபயோகம். அந்தப் பதினாறு வண்டிகளும் சும்மா போய்விடாது. நடுத்தெருவில் நிற்கும், பின்னால் பேருந்தும் ஆம்புலன்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

1935 ஜூலையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் வைக்கப்பட்டது. காலையில் வந்த அலுவலர்களின் கார்கள் நாள் முழுக்கத் தெருவோரத்தை அடைத்துக்கொண்டதால் வாடிக்கையாளர் வர முடியவில்லை என்று கடைக்காரர்கள் குறைப்பட்டதே அதற்குக் காரணம். கட்டணம் வாங்கியது இடம் சுற்றி வருவதற்காக, ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். 2006-ம் ஆண்டு இந்தியாவின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், நிறுத்தக் கட்டணம் நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்று சொன்னது. கொள்கை வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. சின்ன ஊர்களின் கடைவீதிகளில் தெருவோரம் முந்தி வந்தவருக்கே சொந்தம் என்பதுதான் இன்னும் நடைமுறை.

தெருவோரத்துக்கு இன்னொரு உரிமையாளரும் உண்டு. பூக்காரர், பழக்காரர், தள்ளுவண்டிக்காரர். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றது. நல்ல முன்மாதிரி. தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்து, அதன்வழி நல வாரியமும் அமைந்தது. ஆனால் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் லோடுமேனுக்கும் குட்டி யானை ஓட்டுபவருக்கும் நாற்காலி போடும் சட்டம் எதுவும் இல்லை.

இப்போது வந்திருக்கும் வாய்ப்பு

இந்தப் பழைய கதைகளையெல்லாம் இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திருமங்கலம் முதல் ராஜபாளையத்தை அடுத்த தெற்கு வெங்காநல்லூர் வரை நான்குவழிச் சாலை அமைக்கும் பணி 2020-களில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இத்தகைய சாலைகள் ஊர்களை விட்டு விலகிப் புதிய தடத்தில் போகின்றன. கேரளாவுக்குப் போகும் கனரக லாரிகள் கடைவீதியை உரசிக்கொண்டு போகத் தேவையில்லாமல் போகும்.

அப்போது இரண்டு ஊர்களுக்கும் நூறாண்டில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. நெடுஞ்சாலையாக இருந்தது மறுபடியும் ஊர்த் தெருவாகும். காலியாகும் அந்த இடம் யாருக்கு? யாரும் எதுவும் செய்யாவிட்டால் பதில் தெரிந்ததுதான். சில மாதங்களில் நிறுத்திய கார்களும் நீட்டிய கடைகளும் அதை நிரப்பிவிடும். நிரம்பியபின் காலி செய்யச் சொன்னால் போராட்டம் வரும், நிரம்பும் முன் கோடு போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்களும் அல்ல. புதிய சாலை ஊரைத் தொடும் இடத்தில் ஒரு வண்டிப்பேட்டை அமைக்கலாம். பெரிய லாரி அங்கே நின்று, சின்ன வண்டி ஊருக்குள் சரக்கைக் கொண்டு வரலாம். பழைய ரயிலடி ஏற்பாடு திரும்பி வந்ததாக இருக்கும். அந்தச் சின்ன வண்டி பேட்டரியில் ஓடினால் புகையும் சத்தமும் குறையும். கடைவீதியில் நூறு அடிக்கு ஓரிடமாவது சரக்கு இறக்க மட்டும் என்று மஞ்சள் கோடு போட்டு, காலையில் குறிப்பிட்ட மணி நேரத்தை எழுதி வைக்கலாம். மற்ற நேரத்தில் அதே இடத்தைப் பூக்காரரும் பழக்காரரும் உபயோகிக்கட்டும், நாளங்காடியும் அல்லங்காடியும் போல. ஒரு சிறு கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் அதே தெருவுக்குச் சாக்கடை மூடியும் விளக்கும் கழிப்பறையும் போடலாம். மகமை என்று பெயர் வைத்தால்கூடப் பொருத்தம்தான். ஆனால் இந்த முறை அது ஒரு சமூகத்தின் மகமையாக இல்லாமல் தெருவின் மகமையாக இருக்க வேண்டும். அதை நிர்வகிக்கும் குழுவில் கடைக்காரருடன் ஓட்டுநரும் லோடுமேனும் தள்ளுவண்டிக்காரரும் அந்தத் தெருவில் குடியிருப்பவரும் உட்கார வேண்டும்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஆடிப்பூரம் ஒரு பதில். வருடத்தில் ஒரு நாள், ஒரு சத்தமுமில்லாமல், ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளில் ஒவ்வொருவரும் தன் பந்தலைப் பிரித்துக்கொண்டு, தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். வீதி தன்னுடையதல்ல, தேருக்கு வழி விட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு நாள் ஒழுங்கில் கால்மணி நேர அளவையாவது தினமும் காலையில் மூட்டை தூக்குகிற மனிதனுக்காகக் கடைப்பிடித்தால், கடைசி ஐம்பது அடியின் பாரம் பாதியாகக் குறையும்.